போர்டு கைக்கு வருமுன்பே லினக்ஸை கியூஎமுவில் ஓட்டிப் பார்ப்பது

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்து மோட்டாரை போனிலிருந்தே போட்டு நிறுத்த ஒரு கன்ட்ரோலர் செய்கிறீர்கள் என்று வையுங்கள். போர்டு வரும்வரை சும்மா உட்கார வேண்டாம், அதில் ஓடப்போகிற லினக்ஸை, வேறொரு கம்ப்யூட்டர் போல நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருளில், இன்றைக்கே மடிக்கணினியில் பூட் செய்துவிடலாம்.

உபுண்டுவில் கியூஎமு-சிஸ்டம்-ஆர்ம் பேக்கேஜைப் போடுங்கள், 64 பிட் ஆர்ம் பிராசசருக்கானதும் அதிலேயே வரும். அப்புறம் சின்ன போர்டுகளுக்கான லினக்ஸை முழுசாகக் கட்டித்தரும் பில்ட்ரூட்டை இறக்கி, கியூஎமு ஏஆர்ச்64 விர்ட் என்ற டெஃப்கான்ஃபிக்கை (தயார் செட்டிங்ஸ் ஃபைல், qemu_aarch64_virt_defconfig) கொடுத்து மேக் அடியுங்கள்; கம்பைலரையே மூலத்திலிருந்து கட்டுவதால் முதல் தடவை ரொம்ப நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போவது நல்லது. முடிந்ததும் இமேஜஸ் ஃபோல்டரில் ஸ்டார்ட்-கியூஎமு என்ற ஸ்கிரிப்ட் இருக்கும். ஓட்டினால் லாகின் கேட்கும், ரூட் என்று அடித்தால் போதும், பாஸ்வேர்டு கிடையாது. வெளியே வர கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.

திரை வெறுமையாகவே நின்றால் முதலில் கன்சோல் (கர்னல் செய்திகள் வரும் சீரியல் போர்ட்) பெயரைப் பாருங்கள், கியூஎமு நடித்துக்காட்டும் விர்ட் என்ற கற்பனை மெஷினில் அது டிடிஒய்ஏஎம்ஏ0 (ttyAMA0). ரூட் ஃபைல்சிஸ்டம் கிடைக்காமல் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பேனிக் ஆகி நின்றால், கியூஎமு தரும் டிஸ்க்கைப் படிக்கிற விர்ட்ஐஓ பிளாக் டிரைவர் கர்னலுக்குள் இருக்கிறதா, கர்னலுக்குக் கொடுக்கும் root= என்பது அந்த டிஸ்க்கான விடிஏ-வைக் (/dev/vda) காட்டுகிறதா என்று பாருங்கள். கர்னலின் முதல் அடியிலிருந்தே பிடிக்க வேண்டுமென்றால் கியூஎமுவுக்குச் சின்ன எஸ், பெரிய எஸ் (-s -S) இரண்டு ஆப்ஷனையும் கொடுங்கள், 1234 போர்ட்டில் ஜிடிபி என்ற டிபக்கருக்காகக் காத்து நிற்கும்.

பூட் ஆனதோடு விட்டுவிடாதீர்கள். நம்ம ஊர்த் தோட்டத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கரண்ட் போகிற சோதனைதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். கியூஎமு டிஸ்க்காகப் பயன்படுத்தும் ரூட்எஃப்எஸ் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே உங்கள் புரோகிராம் செட்டிங்ஸ் ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலிலிருந்து கியூஎமுவை கில் -9 போட்டுக் கொல்லுங்கள். திரும்ப பூட் செய்தால் ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் தன் ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேடு) வைத்துச் சரிசெய்து ரெக்கவரி முடிந்தது என்று சொல்லும், ஆனால் உங்கள் ஃபைல் காலியாகக் கிடக்கலாம்! கர்னல் எழுத்தை மெமரியில் வைத்திருந்து தாமதமாகத்தான் டிஸ்க்குக்கு அனுப்புகிறது. தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்க்குக்கு உடனே எழுதச் சொல்லி), அதன்பிறகே ரீநேம் செய்யுங்கள், பழையதோ புதியதோ முழுசாக ஒன்று இருக்கும். இதை ஸ்கிரிப்ட் போட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு நொடியில் கொல்லும்படி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்.

விர்ட் மெஷின் உங்கள் போர்டு இல்லை. ஜிபிஐஓ (போர்டின் இன்புட்-அவுட்புட் பின்கள்), ரிலே, உங்கள் டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியல்), நேரக்கணக்கு எதையும் இங்கே நம்பக்கூடாது. எஸ்டி கார்டு பாதி எழுதும்போது கெட்டுப்போவதும் இங்கே தெரியாது, ஏனென்றால் அது கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலரின் விவகாரம். போர்டு வந்ததும், தோட்டத்துக்குப் போகப்போகிற அதே கார்டைச் செருகி, பிளக்கை நிஜமாகவே பிடுங்கிப் பிடுங்கிப் பாருங்கள்.