சொன்ன தேதிக்கு வேலை முடிய: பெங்களூரில் பணிபுரியும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையில் ஒழுங்கு வேண்டும் என்றால் உடனே காலை ஐந்து மணிக்கு எழச் சொல்லும் அறிவுரைகளை முதலில் ஒதுக்கிவிடலாம். அமெரிக்க கிளையன்ட்டோடு இரவு பத்தரை வரை கால் பேசிவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அது உடம்பைக் கெடுக்கும் யோசனை. நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று எந்த மேனேஜரும் பார்ப்பதில்லை. புதன்கிழமை தருகிறேன் என்றது புதன்கிழமை வந்ததா, வராது என்றால் அது செவ்வாய்க்கிழமையே தெரிந்ததா என்றுதான் பார்க்கிறார். பதவி உயர்வுப் பேச்சில் ஒருவரைப் பற்றி ‘நம்பிக் கொடுக்கலாம்’ என்று சொல்லப்படுவது இதை வைத்துத்தான்.

ஒரு நூறு பக்க நோட்டு போதும். செயலி வேண்டாம், போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் போய் நிற்போம். ஐந்து பத்தி கோடு போடுங்கள்: என்ன, யாருக்கு, எந்தத் தேதி எத்தனை மணிக்குள், எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறேன், உண்மையில் எவ்வளவு ஆனது. மீட்டிங்கில் ஒத்துக்கொண்டது மட்டும் அல்லாமல், லிஃப்ட்டில் நின்றபடி ‘பார்த்துச் சொல்றேன்’ என்றதும் இதில் ஏற வேண்டும். சொன்னவர் மறந்துவிடுவார், கேட்டவர் மறக்கமாட்டார். பெரும்பாலான கெட்ட பெயர் இந்த ‘பார்த்துச் சொல்றேன்’ வகையில்தான் சேர்கிறது.

தேதி எழுதும்போது ‘ஈ.ஓ.டி.’ (எண்ட் ஆஃப் டே, அதாவது நாள் முடிவுக்குள்) என்று எழுதாதீர்கள். யாருடைய நாள் முடிவு? கோடையில் நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே மாலை நாலரையாகவும் இருக்கலாம், ஐந்தரையாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். இரண்டு நாட்டோடும் வேலை செய்யும் டீமில், நடுவே வரும் அந்த வாரங்களில்தான் அழைப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதும், சொன்ன நேரம் தவறும். ‘வியாழன், இந்திய நேரம் மாலை 6’ என்று முழுதாக எழுதுங்கள், மெயிலிலும் அப்படியே.

நான்காம், ஐந்தாம் பத்திகளை இரண்டு வாரம் விடாமல் நிரப்பினால் உங்கள் கணக்கு எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும். மதிப்பிட்டது மொத்தம் 20 மணி, எடுத்தது 30 மணி என்றால் உங்கள் பெருக்கு எண் ஒன்றரை. அடுத்த முறை மனதில் ‘நாலு மணி நேரம்’ என்று தோன்றினால் வாயில் ‘ஆறு’ என்று வர வேண்டும். இது சோம்பேறித்தனம் இல்லை. வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். அதே மாதிரி வேலையை முன்பு செய்த அனுபவம் இருந்தும் இந்தத் தவறு தொடர்வதுதான் வேடிக்கை. அதனால்தான் நினைவை நம்பாமல் நோட்டை நம்பச் சொல்கிறோம்.

இனி தாமதம். எல்லோருக்கும் வரும். அதை எப்போது சொல்கிறோம் என்பதில்தான் ஆள் தெரிகிறது. விதி எளிது: கொடுத்த அவகாசத்தில் பாதி போனதும் நின்று பாருங்கள். பாதி வேலை முடியவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். திங்கள் காலை வாங்கி வியாழன் மாலை தருவதாகச் சொன்ன வேலை என்றால் செவ்வாய் மாலை அந்தச் சோதனை. அனுப்பும் செய்தியில் நாலே விஷயம்: எது தாமதம், காரணம் ஒரு வரியில், புதுத் தேதி, அதுவரை கையில் தரக்கூடியது என்ன. உதாரணமாக: ‘ரிப்போர்ட் வியாழன் வராது. விற்பனை டேட்டாவில் மார்ச் மாதம் விடுபட்டிருக்கிறது, கேட்டிருக்கிறேன். திங்கள் மாலை 4-க்குத் தருகிறேன். பிப்ரவரி வரையான பகுதி இப்போதே இணைத்திருக்கிறேன்.’ புதுத் தேதியைத் தாராளமாகக் கேளுங்கள். முதல் தேதி தவறியதை மன்னிப்பார்கள். இரண்டாவதும் தவறினால் அடுத்த முறை முக்கியமான வேலை உங்களிடம் வராது.

ஸ்டாண்ட்-அப்பில் (டீமின் தினசரி சிறு மீட்டிங்) ‘கிட்டத்தட்ட முடிஞ்சுது’ என்ற சொல்லுக்குத் தடை போடுங்கள். அதற்குப் பதில், என்ன மிச்சம், எத்தனை மணி நேரம் என்று சொல்லிப் பழகினால் போதும்.

நோட்டில் எதுவாவது மூன்று முறை அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டால் அதை நாலாவது முறை எழுதக் கூடாது. அன்றே செய்யுங்கள், அல்லது கேட்டவரிடம் புதுத் தேதி வாங்குங்கள், அல்லது ‘என்னால் இதை எடுக்க முடியவில்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நோட்டு நீண்டுகொண்டே போகக் காரணம் பெரும்பாலும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாததுதான். மேனேஜரிடம் நேராக மறுக்கத் தயக்கமாக இருந்தால் தேர்வை அவரிடமே விடலாம்: ‘இப்ப கையில ரெண்டு வேலை இருக்கு சார், இது முதல்ல வேணும்னா அதுல எதைத் தள்ளலாம்?’ இந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவர் குறைவு. பதிலையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

பீனியா, பொம்மசந்திரா பக்கம் ஷாப்ஃப்ளோரில் இருப்பவர்களுக்கு இதே ஒழுங்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் இருக்கிறது. ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஐந்தே முக்காலுக்கு மெஷின் அருகில் நின்று, மெஷின் எண், ஓடும் பார்ட், முடிந்த எண்ணிக்கை, ரிஜெக்‌ஷன் எத்தனை, டூல் எப்போது மாற்றியது, ஆஃப்செட் (டூல் நிலையைத் திருத்த மெஷினில் பதியும் அளவு) ஏதாவது தொட்டார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விடுகிறார்கள். முந்தைய ஷிப்ட்டில் மாற்றிய ஆஃப்செட் தெரியாமல் ஓட்டினால் முதல் பத்து பீஸ் ஸ்கிராப்புக்குப் போகும், பழி உங்கள் தலையில் விழும்.

நேரத்துக்கு வருவதில் பெங்களூருக்கே உரிய சிக்கல், பயண நேரம் நாளுக்கு நாள் மாறுவது. சராசரியை வைத்துக் கிளம்பினால் பாதி நாள் தாமதம்தான். பத்து வேலை நாட்கள், அறைக் கதவிலிருந்து மேஜை வரை எவ்வளவு ஆனது என்று குறித்துக்கொண்டு, அதில் இரண்டாவது அதிக நேரத்தை உங்கள் பயண நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வழியில் வீடு கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் யோசிக்கலாம். ஆர்.வி. ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட்டில் திறந்தது. பைக் சில நாள் அதைவிட வேகமாகப் போகலாம். ஆனால் மெட்ரோவில் எப்போது போய்ச் சேருவோம் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். நமக்குத் தேவை அதுதான்.

ஞாயிறு இரவு ஊரிலிருந்து பஸ் ஏறுவது தனிப் பிரச்சினை. அத்திப்பள்ளியில் திங்கள் காலை வண்டி ஊர்ந்தால் மடிவாளாவில் இறங்குவதற்குள் ஸ்டாண்ட்-அப் முடிந்திருக்கும். அரைத் தூக்கத்தில் வந்த அன்று யோசித்துச் செய்யும் வேலை ஓடாது. முடிந்தால் ஞாயிறு மதியமே கிளம்புங்கள். முடியாதென்றால் திங்கள் மதியம்வரை நோட்டில் பெரிய வேலை எதற்கும் கெடு வைக்காதீர்கள். மெயில், டிக்கெட் (பதிவான புகார், கோரிக்கை), ஃபாலோ-அப் அழைப்பு இவற்றை அங்கே போடுங்கள். தூக்கத்தைக் காபியால் ஈடுகட்டலாம் என்று மாலை நாலு மணிக்கு மேல் இரண்டு டம்ளர் குடித்தால் அது அன்றிரவுத் தூக்கத்தையும் தின்னும். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

‘பாசிட்டிவ் ஆட்டிட்யூட்’ என்று அப்ரைசல் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்கு எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். நல்லது நடந்துவிட்டதாகக் கற்பனை செய்து மகிழ்வது முயற்சியைக் குறைக்கவும் கூடும். உடல் எடை குறைக்க முயன்ற பெண்களிடம் உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், இனிய கனவு அதிகம் கண்டவர்கள் குறைவாகவே எடை இழந்தார்கள். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை உதவியது, கனவு உதவவில்லை. ஆகவே விருப்பத்தை எழுதியதும் அதன் கீழே உங்களுக்குள் இருக்கும் தடையை எழுதுங்கள், அதன் கீழே தடை வரும்போது செய்யப்போவதை. விருப்பம்: அடுத்த ஆண்டு டீம் லீட். தடை: கிளையன்ட் அழைப்பில் வாயே திறப்பதில்லை. செய்யப்போவது: அழைப்பு தொடங்கி பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி, கேள்வியை முந்தைய நாளே எழுதி வைத்திருப்பேன். தடை என்ற இடத்தில் ‘மேனேஜர் சரியில்லை’ என்று எழுதினால் இந்த வழி வேலை செய்யாது. அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதில் திங்கள்கிழமை நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.

குறை சொல்லப்படும்போது அந்த நிமிடமே விளக்கம் கொடுக்காதீர்கள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, ‘ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘கம்யூனிகேஷன் சரியில்லை’ என்ற பொதுப் புகார், உதாரணம் கேட்டதும் ‘போன வாரம் சர்வர் நின்றதை எனக்குச் சொல்லவில்லை’ என்று சுருங்கும். சுருங்கினால் திருத்தலாம். இரண்டு வாரம் கழித்து நீங்களே போய், ‘அதில் மாற்றம் தெரிகிறதா?’ என்று கேளுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு என்பதாலேயே இது நினைவில் நிற்கும்.

டீக்கடை முன் நம் ஆட்கள் கூடினால் புலம்பல் தானாக வரும். புலம்பலாம், ஒரு டீ முடியும் வரை. அலுவலகத்துக்குள் வந்ததும், கன்னடக்காரரோ ஒடியாக்காரரோ பக்கத்தில் இருக்கும்போது தமிழிலேயே பேசிச் சிரிப்பதை நிறுத்துங்கள். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். செக்யூரிட்டி, கேன்டீன், ஆட்டோ இந்த மூன்று இடத்திலாவது கன்னடத்தில் பேச ஆரம்பியுங்கள். நமக்கு அது கடினமான மொழியே அல்ல.

வெள்ளி மாலை கால் மணி நேரம் நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு. அந்த வாரம் முடித்தது, யாருக்குப் பயன்பட்டது, ஓர் எண், மூன்றே வரி. அப்ரைசல் படிவம் வரும்போது பலருக்குக் கடைசி இரண்டு மாதம்தான் ஞாபகம் இருக்கும், மேனேஜருக்கும் அப்படித்தான். ‘நன்றாக உழைத்தேன்’ என்பதைவிட ‘நிலுவை டிக்கெட் 40-லிருந்து 12-க்கு வந்தது’ என்ற வரி பேசும்.

எல்லாவற்றையும் ஒரே திங்களன்று ஆரம்பித்தால் மூன்றாம் வாரம் எதுவும் இருக்காது. முதல் மாதம் நோட்டு மட்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செயல் தானாக வர எடுத்த நாட்கள் 18 முதல் 254 வரை, நடு மதிப்பு (மீடியன்) 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். தீபாவளி, பொங்கல் விடுப்பில் நோட்டு நிற்கத்தான் செய்யும். திரும்பி வந்த நாளில் விட்ட பக்கங்களை நிரப்பிக்கொண்டிருக்காமல் புதுப் பக்கம் எடுங்கள். மெயில் முழுதும் பார்த்து முடிக்கும்வரை யாருக்கும் எந்தத் தேதியும் கொடுக்காதீர்கள்.