ஓடும் வீட்டில் முருகன் படம்

பினாங்கின் தெலுக் பஹாங் சாலை வளைவுகளில், எங்கள் மோட்டார்ஹோமில் (வீடு போல அமைத்த வண்டி) இருந்த, பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் முருகன் படம் ஆடி ஆடி ஒருநாள் கீழே வந்துவிட்டது. ஆணி அடிக்க மனம் வரவில்லை. சுவர் மெல்லிய ஒட்டுப்பலகை, பின்னால் நுரையும் ஒயரும். சாதாரண டேப்போ பினாங்கு வெயிலில் இளகிவிடும்.

முதலில் கண்ணாடியை எடுத்துவிட்டு அக்ரிலிக் போட்டேன். அதே தடிமனில் எடை பாதிதான், உடைந்தாலும் கண்ணாடி போல் தூள்தூளாகச் சிதறாது. அப்புறம் சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். தாளிக்கிற வண்டியல்லவா, எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்கே தெரியாது! ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஒட்டுப்பட்டைகளை நான்கு மூலையிலும் வைத்து, அரை நிமிடம் அழுத்தி, சுவரில் பட்டையை விட்டுப் படத்தை மட்டும் கழற்றி, ஒரு மணி நேரம் கழித்து மாட்டினேன். மேலே மட்டும் ஒட்டினால் கீழ்ப்பக்கம் தடதடவென்று அடிக்கும். படுக்கைக்கு மேலே படம் வேண்டாம், விழுந்தாலும் அடிபடாத துணித் தோரணம் போதும்.