ரிமோட்டுக்கு ஜூலை மாதம்: கம்ப்யூட்டர் டெலஸ்கோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி 7. கோத்தகிரிப் பக்கம் ஒரு மைதானத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. புது கம்ப்யூட்டர் டெலஸ்கோப்போடு (ரிமோட்டில் பெயரைத் தட்டினால் தானே அந்தப் பக்கம் திரும்பும் வகை) வந்திருந்த ஒரு தம்பி அரை மணி நேரமாக முக்காலியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்.

“அண்ணா, மெஷின்ல ஏதோ கோளாறு. சிரியஸ்னு போட்டா, அது அடிவானத்துக்குக் கீழே இருக்குன்னு சொல்லுது.”

சிரியஸ் அவர் தோளுக்குப் பின்னால் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

“தேதி என்ன போட்டீங்க?”

“ஏழு, ரெண்டு.”

அந்த ரிமோட்டைப் பொறுத்தவரை அன்று ஜூலை 2. ஜூலையில் நீலகிரியில் நாங்கள் குடையோடு இருப்போம். எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே தவறைச் செய்து பணமும் கட்டியவன் நான்.

மூடியைக் கழற்ற மறப்பது, ஃபைண்டரை (குறிபார்க்கும் சின்னக் குழாய்) சரிசெய்யாமல் தேடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டாம் நாளே தானாகப் புரிந்துவிடும்.

தேதி

இந்த ரிமோட்டுகளில் பெரும்பாலானவை தேதியை அமெரிக்க வழக்கப்படி கேட்கும். மாதம் முதலில், நாள் அப்புறம். நம் கை பழக்கதோஷத்தில் நாளை முதலில் தட்டும். அதுவும் 12-ம் தேதிக்கு மேல் என்றால் தப்பித்தீர்கள். பதிமூன்றாவது மாதம் இல்லாததால் ரிமோட் ஏற்காது. 12 வரைக்கும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆபத்தே அதுதான்.

நான் முதன்முதலில் வெளியே வைத்தது ஒரு மார்ச் 5. குழாயை வடக்கு பார்த்து, படுக்கை மட்டமாக வைத்துத் தொடங்கும் வகை. பிறகு அது காட்டும் இரண்டு நட்சத்திரங்களை நாம் நடுவில் நிறுத்திக் கொடுத்தால் வானத்தோடு பொருந்திக்கொள்ளும். அதுதான் அலைன்மென்ட். 05/03 என்று தட்டினேன். மெஷினுக்கு அது மே 3. இரவு எட்டு மணிக்கு சிரியஸ் தெற்கே நல்ல உயரத்தில் நிற்க, குழாய் மேற்கே தாழ்ந்துபோய் நின்றது. இரண்டாவது நட்சத்திரமாகச் சுவாதியைக் காட்டுகிறேன் என்று கிழக்கே திரும்பியது. சுவாதி அன்று எழவே இன்னும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இருந்தது.

சரி, புதுசு, நாளைக்குப் பார்ப்போம் என்று உள்ளே வைத்தேன். மறுநாள் 06/03. சிரியஸ் என்று போட்டால் குழாய் ஏறக்குறையப் படுத்தேவிட்டது. பக்கத்து வீட்டுத் தேயிலைச் சரிவை நேராகப் பார்த்தது. மூன்றாம் நாள் 07/03. அடிவானத்துக்குக் கீழே என்று சொல்லி நகரவே மறுத்தது. நான் என்ன முடிவுக்கு வந்தேன்? மோட்டார் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே வருகிறது!

உண்மையில் நடந்தது வெறும் கணக்கு. நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதத்துக்கு 2 மணி நேரம். மணிக்கு 15 டிகிரி வீதம், ஒரு மாதத் தவறு என்பது வானத்தில் 30 டிகிரி. நான் மூன்று நாளில் மெஷினை மே 3, ஜூன் 3, ஜூலை 3 என்று மாதம் மாதமாகத் தள்ளியிருக்கிறேன். 58 டிகிரி, 88 டிகிரி, 116 டிகிரி. இவ்வளவு ஒழுங்காகக் கெட்டுப்போகிற மோட்டார் உலகத்தில் உண்டா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

யோசிக்கவில்லை. பெட்டியில் கட்டி, விற்றவர்களுக்கே பார்சல் அனுப்பினேன். போகவர மூவாயிரத்துச் சொச்சம். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது, உள்ளே துண்டுச் சீட்டில் ஒரே வரி: “மெஷினில் பழுதில்லை. மாதத்தை முதலில் போடவும்.” பணம் போனதைக்கூட மன்னிப்பேன். பெட்டியைப் பிரிக்கும்போது ஏப்ரல் பிறந்து, சாயங்கால மேகம் தொடங்கிவிட்டது. இந்த மலையில் நம்பி வெளியே வைக்கக்கூடிய இரவுகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். மிச்சத்தை இரண்டு பருவமழையும் பனிமூட்டமும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு சீசனே போனது.

தொடக்கநிலை மாடல்கள் பலவற்றில் தேதியை நினைவில் வைக்கக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு இரவும் தட்ட வேண்டும், ஒவ்வொரு இரவும் தவறலாம். நான் ரிமோட்டின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி ‘மாதம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அலைன்மென்ட் தொடங்கும் முன், கண்ணுக்குத் தெரிகிற ஒரு பிரகாசமான நட்சத்திரம் எங்கே என்று ரிமோட்டைக் கேளுங்கள். வானத்தோடு ஒத்துவராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். போனிலிருந்து ஓட்டும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. தேதியைப் போனே கொடுத்துவிடும்.

நேரம், ஊர்

நேர மண்டலம் +5:30. கோடைநேரம் (டேலைட் சேவிங்) கேட்டால் ‘இல்லை’. தப்பாக ‘ஆம்’ சொன்னால் 15 டிகிரி போச்சு. தீர்க்கரேகை கிழக்கு. ஊட்டிக்குப் பதில் கோயம்புத்தூர் என்று போட்டாலும் குடி முழுகாது.

புனர்பூசத்து இரட்டையர்

அலைன்மென்ட்டில் காஸ்டர், பொல்லக்ஸ் இரண்டையும் மாற்றிப் பிடிப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். இரண்டுக்கும் இடையே நாலரை டிகிரிதான். பொல்லக்ஸ்தான் கூடுதல் வெளிச்சம். அதைவிட நல்லது, இருவரையும் விட்டுவிடுவது.

அலைன்மென்ட்டுக்கு எடுக்கும் இரண்டு நட்சத்திரங்களும் ஒரே மூலையில் இருக்கக் கூடாது. ஓரையன் நட்சத்திரக் கூட்டத்தில் திருவாதிரையையும் ரைஜலையும் பிடித்துவிட்டு, மறுகோடியில் எதைத் தேடினாலும் தள்ளித்தான் நிற்கும். மார்ச் முதல் வாரத்தில் எட்டு மணிக்கு மேற்கே ரோகிணி, கிழக்கே மகம். இந்த ஜோடி எனக்கு இதுவரை கைகொடுக்காமல் போனதில்லை. உச்சந்தலைக்கு மேலே நிற்பதைத் தொடாதீர்கள்.

துருவ நட்சத்திரத்தைத் தேடி அலைவது

வெளிநாட்டு வீடியோக்களில் அது பாதி வானத்தில் நிற்கும். அவர்கள் இருப்பது 40, 50 டிகிரி அட்சரேகையில். நமக்கு 11 டிகிரிதான். எதிரே ஒரு குன்று இருந்தால் முடிந்தது, நீலகிரியில் எதிரே குன்று இல்லாத இடம் எது? வடக்கு தெரிய போனில் இருக்கும் காம்பஸ் போதும். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். இரும்பு முக்காலியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

அந்த 11 டிகிரியைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் ஊட்டி முத்தோரைக்குப் போங்கள். அங்கே 1970-ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ டெலஸ்கோப் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேலேயே அதை நிறுத்தினார். அதனால் அதன் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரும். அலைன்மென்ட்டை மலையிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

நடுவில் நிறுத்தும் விதம்

நட்சத்திரத்தை முதலில் 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கொண்டுவந்து, 10 மி.மீ. மாற்றி நடுவில் நிறுத்துங்கள். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்தால் நட்சத்திரம் வட்டமாக விரியும். வட்டத்தை நடுவில் வைப்பது சுலபம். கடைசி அசைவு எப்போதும் ‘மேலே’, ‘வலது’ பட்டன்களால் முடியட்டும். தாண்டிப் போய்விட்டால் பின்னால் வந்து மறுபடி அதே பக்கமாக நெருங்குங்கள். பல்சக்கரங்களுக்கு இடையில் சிறு தொய்வு உண்டு. ஒருமுறை இடமிருந்தும் ஒருமுறை வலமிருந்தும் வந்தால் அந்தத் தொய்வு கணக்கில் புகுந்துவிடும்.

பேட்டரி செல்

ஊட்டிக் குளிரில் வெகுநேரம் தாங்காது. 12 வோல்ட் பேட்டரி வாங்குங்கள்.

கையால் தள்ளுவது

அலைன்மென்ட் முடிந்தபின் கூடாது.

சூரியன்

பகலில் பழகுகிறேன் என்று அந்தப் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். கண் போய்விடும்.

பனி

பத்து மணிக்கு மேல் முன்கண்ணாடி மங்கினால் மேகம் என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் உண்டு. அது கண்ணாடி மேல் பூத்த பனிநீர். யோகா பாயில் ஒரு துண்டு வெட்டிக் குழாயின் முனையில் ஒரு முழம் நீட்டிச் சுருட்டிக் கட்டினால் நடுராத்திரி வரை தாங்கும். பூத்துவிட்டால் ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்துக் காட்டுங்கள், துணியால் மட்டும் தொடாதீர்கள். நான் ஒருமுறை கழுத்து மப்ளரால் துடைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கோடுகள் இன்னும் தெரிகின்றன.