கோப்பி கொக்கோப் பாணியும் அதைக்கொண்டு செய்யும் பண்டங்களும்: புதியவர்களுக்கான செய்முறை

கோப்பியும் சொக்லேட்டும் சேர்ந்த இனிப்பொன்றை வீட்டில் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் சொக்லேட் கட்டி ஒன்றை வாங்கி உருக்குவதில் இருந்தே தொடங்குகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தத் தொடக்கத்திலேயே சிக்கல் வந்துவிடுகிறது. சொக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் நேரத்துச் சமையலறை அந்த வெப்பத்தை எளிதாக எட்டிவிடுகிறது. உருக்கிய சொக்லேட்டை அச்சில் வார்த்து, மினுமினுப்புடன் முறியும்படி இறுகச் செய்வதற்கு 20 பாகை அளவிலான குளிர்ந்த அறை தேவை. குளிரூட்டி பூட்டிய அறை இல்லாத வீட்டில் அந்த வேலையில் இறங்கவேண்டாம் என்பதே எனது கருத்து.

இக்கட்டுரை கொக்கோத் தூளை அடிப்படையாகக் கொள்கிறது. கொக்கோவில் இருந்து வெண்ணெயின் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்த பின் எஞ்சுவதே அந்தத் தூள் என்பதால் வெயில் அதை ஒன்றும் செய்யாது. தூளையும் கடும் கோப்பியையும் சேர்த்து முதலில் ஒரு பாணி காய்ச்சிக்கொள்வோம். அந்தப் பாணியைத் தயிருக்கு ஊற்றலாம், பாலில் கலக்கலாம், பிஸ்கட் புடிங்கில் சேர்க்கலாம். இறுதியாக, பாணி இன்றி, கோப்பியும் கொக்கோவும் நேரடியாகச் சேரும் வட்டிலப்பம் ஒன்றையும் பார்ப்போம்.

பொருட்களைத் தெரிவுசெய்தல்

கோப்பிக் கொட்டையும் கொக்கோ விதையும் வறுபடும்போதுதான் தமக்குரிய வாசனையைப் பெறுகின்றன. இரண்டின் வறுவல் மணமும் ஒரே வகையைச் சேர்ந்தது என்பதால், கொக்கோவுடன் சிறிதளவு கோப்பி சேரும்போது கோப்பியின் சுவை தனித்துத் தெரியாமல் சொக்லேட்டின் சுவையே ஆழமாகிவிடுகிறது. கோப்பியின் அளவைக் கூட்டினால் இரண்டும் சமமாக நிற்கும். மேலும் கூட்டினால் கசப்பு மட்டுமே நாவில் தங்கும். கீழே தரப்படும் அளவுகள் இரண்டாவது நிலையைக் குறிவைத்தவை.

நமது கடைகளில் கிடைக்கும் கோப்பித் தூளில் சில, மல்லியோ இஞ்சியோ சேர்த்து அரைக்கப்பட்டவை. தடிமன் பிடித்த நாளில் குடிப்பதற்கு அவை நல்லவைதான், ஆனால் கொக்கோவுடன் ஒட்டாது. கொட்டையை வறுத்து மில்லில் கொடுத்து அரைப்பிப்பவர்கள், தமக்கு முன்னர் அந்த இயந்திரத்தில் மிளகாய்த்தூள் அரைபட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மிளகாய் வாடை பாணியில் ஏறினால் எந்தச் சீனியாலும் அதை மறைக்க முடியாது. உடனடிக் கோப்பித் தூளும் இவ்வேலைக்கு உகந்ததே.

கொக்கோத் தூள் வாங்கும்போது, அது சீனி சேர்க்காத தூளா என்பதை உறையில் வாசித்துப் பாருங்கள். பாலில் கரைத்துக் குடிக்கும் சொக்லேட் பானத் தூளில் சீனியும் மோல்ட்டும் பால்மாவும் கலந்திருப்பதால் அதனால் பாணி கெட்டியாகாது. சீனி சேர்க்காத தூளிலும் இரு வகைகள் உள்ளன. வெளிர் கபில நிறத்தில், சற்றுப் புளிப்பாக இருப்பது இயற்கைத் தூள். புளிப்பைத் தணிக்கும் காரப் பொருள் (alkali; மிளகாயின் காரம் அல்ல) சேர்த்துப் பதப்படுத்தப்பட்ட தூள் கருங்கபில நிறமாகவும் புளிப்புக் குறைந்ததாகவும் இருக்கும். தயிருக்கு ஊற்றுவதே முதன்மை நோக்கம் என்றால் இரண்டாவது வகையை வாங்குங்கள். தயிரில் ஏற்கெனவே போதிய புளிப்பு உண்டு.

பாணி காய்ச்சுதல்

தேவையானவை: கோப்பித் தூள் 4 மேசைக்கரண்டி, நீர் 250 மில்லிலீற்றர், சீனி 200 கிராம், கொக்கோத் தூள் 40 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வனிலா அரைத் தேக்கரண்டி. இதில் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் பாணி கிடைக்கும்.

முதலில் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அரை நிமிடம் ஆறவிட்டு, கோப்பித் தூளின் மேல் ஊற்றி மூடி வையுங்கள். நான்கு நிமிடங்கள் போதும். தூளை நீரோடு சேர்த்து அடுப்பில் கொதிக்கவிடுவது நமது வீடுகளில் வழக்கமாக இருந்தாலும், நீண்ட கொதி கோப்பியில் இருந்து கசப்பையும் துவர்ப்பையும் கூடுதலாக இறக்கிவிடும்; கொக்கோவிலும் கசப்பு உண்டு என்பதால் இரண்டும் சேர்ந்து நாவை இறுக்கிப் பிடிக்கும். பின்னர் ஈரமான பருத்தித் துணியால் வடிகட்டுங்கள். கம்பி வடி மட்டும் போதாது. உள்ளூரில் அரைக்கும் கோப்பி மாவைப் போல நுண்மையாக இருப்பதால், அந்த மண்டி பாணியில் இறங்கிப் பல்லில் நறநறக்கும். துணியில் தங்கும் நீர் போக 200 மில்லிலீற்றர் அளவில் கடும் கோப்பி கிடைக்கும். உடனடிக் கோப்பி என்றால் 200 மில்லிலீற்றர் சுடுநீரில் 4 தேக்கரண்டி கரைத்தால் போதும்.

அடுத்து, அடி தடித்த சட்டி ஒன்றில் சீனி, கொக்கோத் தூள், உப்பு மூன்றையும் ஈரம் படாத கரண்டியால் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். இப்படி முன்கூட்டிக் கலப்பதற்குக் காரணம் உண்டு. கொக்கோத் தூள் நீரை எளிதில் ஏற்காது. நேரடியாக நீரில் இட்டால் வெளிப்புறம் நனைந்து உட்புறம் உலர்ந்த கட்டிகளாக மிதக்கும். சீனியின் மணிகள் தூளின் துகள்களை விலக்கி வைப்பதால் நீர் உள்ளே புகுந்துகொள்கிறது. இக்கலவையில் கடும் கோப்பியை ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் நான்கைந்து மேசைக்கரண்டி அளவு மட்டும் விட்டு, பசை போலாகி மினுங்கும் வரை குழையுங்கள். பசையில் கட்டிகள் இல்லை என்று உறுதியான பின்னரே மிகுதியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

இனி அடுப்பை மெல்லிய தீயில் வைத்து, அகப்பை சட்டியின் அடியைத் தொடும்படி துழாவிக்கொண்டே இருங்கள். கொதி வந்ததும் நுரை சட்டென மேலேறும் என்பதால் சட்டி பெரிதாக இருப்பது பாதுகாப்பு. கொதி வந்தபின் ஐந்து அல்லது ஆறு நிமிடங்களில் நுரையின் குமிழிகள் பெரிதாகி, துழாவும் கைக்குச் சற்றுப் பாரம் தெரியத் தொடங்கும். அகப்பையின் பின்புறத்தில் படிந்த பாணியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. சூட்டில் நீர்த்திருப்பதாகத் தோன்றினாலும் ஆறும்போது கெட்டியாகும் என்பதை மறந்து மேலும் காய்ச்சினால், மறுநாள் போத்தலில் இருந்து பாணி வெளியே வராது. அப்படி நேர்ந்தால் இரண்டு மேசைக்கரண்டி சுடுநீர் சேர்த்து இளக்கிக்கொள்ளலாம். இறக்கியபின் வனிலாவைச் சேர்த்து, கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, முழுதாக ஆறிய பின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் நீர் பாணியின் மேல் விழுந்து, அந்த இடத்தில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரங்கள் வைத்திருக்கலாம்.

தயிருக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்தில் இருந்து சட்டியில் வரும் எருமைத் தயிருக்கு இந்தப் பாணி மிகவும் பொருந்துகிறது. எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம். பசுப்பாலில் 4 வீதம் அளவில்தான் உண்டு. அந்தக் கூடுதல் கொழுப்பு கோப்பியின் கசப்பை மழுக்கிவிடுவதால், பசுந்தயிரில் கூர்மையாகத் தெரியும் அதே பாணி எருமைத் தயிரில் மென்மையாகத் தெரிகிறது. தயிரை அகப்பையால் கிளறாமல் ஏடோடு சீவி எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாணியை மேலே ஊற்றுங்கள். கித்துள் பாணி கைவசம் இருந்தால் ஒரு மேசைக்கரண்டி அதையும் சேர்க்கலாம். கித்துளின் புகை வாசம் கோப்பியின் வறுவல் மணத்தோடு இணங்கிப் போகும். கலக்கி உண்பதை விட வரிவரியாக உண்பதே சிறப்பு.

பாலுக்கு

ஒரு கோப்பை சூடான பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாணி போதும். பால்மா பாவிப்பவர்கள் பால்மாவையும் பாணியையும் முதலில் கோப்பையின் அடியில் குழைத்து, பின்னர் சுடுநீர் ஊற்றினால் கட்டி தட்டாது. குளிராகக் குடிப்பதற்குப் பாணியின் அளவை மூன்று மேசைக்கரண்டியாக்குங்கள். குளிரில் இனிப்பு மங்கித் தெரியும். கோப்பியில் கஃபீன் இருப்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். சிறுவர்களுக்கென்றால் கடும் கோப்பிக்குப் பதிலாக வெறும் நீர் சேர்த்துத் தனியாக ஒரு போத்தல் காய்ச்சி வைப்பது நல்லது. கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுப்பதைத் தவிர்க்கவேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை என்பதால், அன்று குடித்த தேநீரையும் கோப்பியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பிஸ்கட் புடிங்

இலங்கையில் பிறந்தநாள் வீடுகளில் தவறாமல் காணப்படும் சொக்லேட் பிஸ்கட் புடிங்கிற்கு வெதுப்பி (oven) தேவையில்லை, அடுப்பும் தேவையில்லை. சிலர் பச்சை முட்டை சேர்ப்பார்கள். மின்வெட்டு வரக்கூடிய ஊரில் அதைத் தவிர்த்துவிடுவதே பாதுகாப்பு.

தேவையானவை: மாரி பிஸ்கட் 250 கிராம், உப்பில்லாத பட்டர் 125 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், கொக்கோத் தூள் 30 கிராம், நாம் காய்ச்சிய பாணி 4 மேசைக்கரண்டி, ஆறிய பால் 200 மில்லிலீற்றர், உடனடிக் கோப்பி 2 தேக்கரண்டி, வறுத்து நொறுக்கிய கஜு ஒரு கைப்பிடி.

குளிர் நாட்டுச் சமையற் குறிப்புகள் பட்டரை ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும். நமது ஊரில் அவ்வளவு நேரம் வைத்தால் பட்டர் எண்ணெயாகி, பின்னர் எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. பத்து நிமிடங்களே போதும். விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும், ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் பட்டரையும் சலித்த ஐசிங் சீனியையும் நிறம் வெளிறும் வரை அடித்து, கொக்கோவைச் சேர்த்து, பின்னர் பாணியை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டு அடியுங்கள். பாணி குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்த கையோடு சேர்க்கப்பட்டாலோ, ஒரேயடியாக ஊற்றப்பட்டாலோ கலவை திரிந்து தயிர் உடைந்தாற்போலத் தோன்றும். அப்போது பாத்திரத்தின் அடியைச் சில விநாடிகள் இளஞ்சூட்டு நீரில் தொடவைத்து மீண்டும் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

உடனடிக் கோப்பியை ஒரு மேசைக்கரண்டி சுடுநீரில் கரைத்துப் பாலில் கலந்துகொள்ளுங்கள். பால் ஆறியிருக்கவேண்டும், சூடான பாலில் பிஸ்கட் கையிலேயே உடைந்துவிடும். ஒவ்வொரு பிஸ்கட்டையும் இரண்டு விநாடிகள் நனைத்து, கண்ணாடித் தட்டில் இடைவெளி இன்றி அடுக்கி, அதன்மேல் பட்டர்க் கலவையை மெல்லியதாகப் பூசி, மீண்டும் பிஸ்கட் என நான்கு அடுக்குகள் வரை கொண்டுவாருங்கள். மேலே கஜுவைத் தூவி, மூடி, ஆறு மணி நேரம் குளிரவிட்டால் கத்தி எளிதாக இறங்கும். பரிமாறும்போது மட்டும் வெளியே எடுங்கள்.

கோப்பி வட்டிலப்பம்

காத்தான்குடியிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் பெருநாளுக்குச் செய்யப்படும் வட்டிலப்பத்தில் கொக்கோ சேர்ப்பதை மூத்தவர்கள் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். ஆயினும் கருப்பட்டியும் கோப்பியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து நிற்பதைச் சுவைத்துப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள். அளவு மட்டும் மீறக்கூடாது. கொக்கோ கூடினால் அது மாவுப் பண்டம் போல இறுகிவிடும்.

துருவிய கித்துள் கருப்பட்டி 250 கிராமை 4 மேசைக்கரண்டி கடும் கோப்பியில் இட்டு, மெல்லிய தீயில் கரையும் வரை மட்டும் சூடாக்கி வடிகட்டி ஆறவிடுங்கள். கரைசலில் சிறிதளவை எடுத்து, அதில் ஒன்றரை மேசைக்கரண்டி கொக்கோவைக் குழைத்து மீண்டும் மிகுதிக் கரைசலோடு சேர்த்துவிடுங்கள். ஐந்து முட்டைகளை நுரை எழாதபடி முள்ளுக்கரண்டியால் உடைத்துக் கலக்கி, தேங்காயை முதலில் பிழிந்தெடுத்த 200 மில்லிலீற்றர் முதற்பாலையும், ஆறிய கருப்பட்டிக் கரைசலையும், நான்கு ஏலக்காயின் பொடியையும், சிறிது சாதிக்காய்த் துருவலையும் சேர்த்து மீண்டும் ஒருமுறை வடிகட்டுங்கள். கரைசல் சூடாக இருந்தால் முட்டை அங்கேயே வெந்து திரியும்.

கலவையைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆவி நீர் சொட்டாதபடி தாளால் இறுக மூடி, நீர் மெல்லக் கொதிக்கும் பாத்திரத்தில் 40 நிமிடங்கள் அவியுங்கள். பாத்திரத்தின் மூடிக்கு உட்புறம் ஒரு துணியைக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. தீ கடுமையானால் முட்டை வேகமாக இறுகி, நீர் பிரிந்து, உள்ளே பெருந்துளைகள் விழும். அந்தத் துளைகளில் நிற்கும் இனிப்பு நீரை விரும்பி உண்பவர்களும் உண்டு என்பதால் அதை முழுமையான குறை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொக்கோ சேர்ந்த கலவை வழுவழுப்பாக அமைந்தால்தான் நன்றாக இருக்கும். நடுவில் ஈர்க்கு ஒன்றைக் குத்தி எடுத்துப் பாருங்கள்; ஈரக் கலவை ஒட்டாமல் வந்தால் அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே மேலும் பத்து நிமிடங்கள் விட்டு, பின்னர் வெளியே எடுத்து ஆறவையுங்கள். சூடாக உண்ணும்போது முட்டை வாசமே முன்னே நிற்கும். ஓரிரவு குளிர்ந்த பின்னரே கோப்பியின் மணம் மேலெழும் என்பதால், பெருநாளுக்கென்றால் முதல் நாள் மாலையே அவித்து வைத்துவிடுங்கள்.