பங்குனி, சித்திரையில் தீவகம்: வலசைப் பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் மார்கழியையும் தையையும்தான் தெரிவு செய்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பங்குனி பிறந்ததிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை. மாரி வெள்ளம் வற்றி, பரவைக்கடலின் (ஆழமற்ற களப்பின்) ஓரமெல்லாம் சேறு தெரியத் தொடங்கும். பறவைகள் அங்கே நெருக்கமாக மேயும். வாடை ஓய்ந்து, சோளகம் (தென்மேல் காற்று) இன்னும் எழும்பாத காலம் என்பதால் கடலும் அடங்கியிருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், வடக்கே திரும்பிப் போகுமுன் அவை நிறம் மாறும் காலம் இது. மார்கழியில் உள்ளான்கள் (சேற்றில் மேயும் கரைப்பறவைகள்) பலவும் ஒரே சாம்பல் நிறம்; அனுபவமுள்ளவர்களே திணறுவார்கள். சித்திரையில் வளைமூக்கு உள்ளானின் வயிறு செங்கல் நிறமாகிவிடும். மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் செம்மஞ்சள் பட்டை விழும். பொன் உப்புக்கொத்திக்கு முகமும் வயிறும் கறுக்கும்.

கொண்டுபோக வேண்டியவை

8×42 பைனாகுலர் போதும். 8 என்பது பெருக்கம், 42 என்பது முன்வில்லையின் மில்லிமீற்றர் அளவு. அதைவிடப் பெருக்கம் கூடினால் கடற்காற்றில் கை ஆடுவது தெரியும். தொப்பி, தண்ணீர், ஒரு கொப்பி, பென்சில். கமெராவுக்கு அவசரமில்லை.

முதல் இடம்: பண்ணைத் தாம்போதி

பட்டினத்தைத் தீவகத்துத் தீவுகளோடு இணைக்கும் கடல்மேல் வீதி இது. காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். பட்டினத்திலிருந்து மண்டைதீவுப் பக்கம் போகும்போது வலது கைப்பக்கம் பாருங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் போனால் இடது பக்கம். சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ ஓரமாக விட்டு, ஒரே இடத்தில் அரை மணித்தியாலம் இருங்கள். நடந்துகொண்டே பார்ப்பவருக்குப் பறக்கிற முதுகுதான் மிஞ்சும்.

பெயர் தேட வேண்டாம். முதலில் அது சாப்பிடும் விதத்தைப் பாருங்கள். கொஞ்சம் ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தினால் அது உப்புக்கொத்தி. கண்ணால் இரை தேடுகிறது. தலையைக் குனிந்தபடி தையல் மெசின் ஊசி மாதிரி சேற்றுக்குள் குத்திக்கொண்டே போனால் உள்ளான். அலகின் நுனி உணர்வால் தேடுகிறது. இதைப் பிரித்தறியப் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும். அடுத்தது கால். சிவப்பென்றால் பெரும்பாலும் பவளக்காலி. பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் வெள்ளை தெரிந்தால் உறுதி. சாதாழை ஒதுங்கிக் கிடக்கும் கரையில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது கல்திருப்பி. களங்கட்டித் தடிகளில் (மீன் பிடிக்கக் கடலில் நட்ட தடிகளில்) குந்தியிருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் அங்கேதான் இளைப்பாறும். பூநாரை நின்றால் கண் அதை விட்டு அகலாது, ஆனால் அதன் காலடியில் மேயும் சின்னவைதான் இந்தக் காலத்தின் அதிசயம். உள்ளங்கையில் அடங்கும் கொசு உள்ளான் வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்துக்குப் போகிறது.

எல்லாம் போகிறவை அல்ல. அனுமன் உப்புக்கொத்தி இங்கேயே தரையில் முட்டையிடும் பறவை. முன்பு வேறோர் இனத்தின் கிளையாகக் கருதப்பட்ட அதை 2023இல் வெளிவந்த ஆய்வு தனி இனமாகப் பிரித்தது. முட்டை தரையில் கிடக்கும் என்பதால் சிப்பி மணலில் நடக்கும்போது நிலத்தைப் பார்த்துக் கால் வையுங்கள்.

எவ்வளவு தூரம் கிட்டப் போகலாம்?

இதை மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். நீண்ட பயணத்துக்கு முன் சில உள்ளான் இனங்கள் கொழுப்பைச் சேர்த்து உடல் எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கும். அந்தக் கொழுப்புத்தான் வழிச்செலவு. நீங்கள் ஒருமுறை கூட்டத்தை எழுப்பினால் அதில் கொஞ்சம் வீணாய் எரிகிறது. பறவைகள் மேய்ச்சலை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் அங்கேயே நில்லுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து கத்தத் தொடங்கினால் மெல்லப் பின்வாங்குங்கள். படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புவது எனக்குப் பொறுக்காத செயல்.

பிறகு, கடல் தாண்டி

கரைப்பறவைகள் பிடிபட்ட பிறகு நெடுந்தீவு போங்கள். வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வெளியே இருக்க இடம் கிடைத்தால் விடாதீர்கள், கொண்டை ஆலாக்கள் மீனுக்குப் பாய்வதைக் கடலில்தான் நன்றாகப் பார்க்கலாம். இறங்கியதுமே திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டு வையுங்கள். கடற்படை முகாம்கள் உள்ள பக்கம் பைனாகுலரைத் திருப்ப வேண்டாம்.

எழுதி வையுங்கள்

திகதி, இடம், நேரம், எண்ணிக்கை. பெருங்கூட்டமென்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறதென்று பார்த்து, மிச்சத்தை மதிப்பிடுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ‘ஈபேர்ட்’ (eBird) செயலியில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் உதவும். முதல்முறை பார்த்த திகதியைப் பலரும் குறிக்கிறார்கள். கடைசியாகப் பார்த்த திகதியைக் குறிப்பவர்கள் குறைவு. வசந்த வலசைக்கு அதுதான் தேவை.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். அன்று அதே தாம்போதிக்குத் திரும்பப் போங்கள். அப்போதும் சாம்பல் நிறத்தில் மேய்பவை பல, இந்த வருடம் வடக்கே போகாமல் தங்கிவிட்ட இளம் பறவைகளாக இருக்கும். அவற்றையும் எண்ணித் தனி வரியில் எழுதுங்கள்.