கேபினட்டுக்கு அவசரமில்லை: புது வீடும் கைப்பிள்ளையும் சேர்ந்து வந்த அப்பாக்களுக்கு

சாவி வாங்கிய வாரமே ஆரம்பித்துவிடும். மாமா ஒருத்தர் வந்து ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்து, "என்னப்பா, பிளாஸ்டர் சீலிங் போடலையா?" என்பார். அடுத்து வரும் சித்தப்பா சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த கேபினட்காரர் நம்பரை நீட்டுவார். பக்கத்து வீட்டில் அதற்குள் லோரியிலிருந்து சிமெண்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் மனைவி மாசமாக இருந்தாலும் சரி, தோளில் கைப்பிள்ளை இருந்தாலும் சரி, நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு மழைக்காலம் கழியும்வரை எதையும் உடைக்காதீர்கள், எதையும் ஒட்டாதீர்கள். கிரில், விசிறி, குளியலறைக்குச் சுடுதண்ணி ஹீட்டர், இவ்வளவு போதும் குடிபோக.

நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் டெக்னீஷியன். வீடு கடலுக்கு இந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில், இரண்டு மாடி வரிசை வீடு. தினமும் மோட்டார்சைக்கிளில் பினாங்கின் இரண்டாவது பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் போகிறேன். 24 கிலோமீட்டர் பாலம், மோட்டாருக்கு 2019லிருந்து டோல் இல்லை, அதுவே மாதச் செலவில் ஒரு நிம்மதி. மகளுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. சாவியும் அவளும் ஒரே வருடத்தில் வந்தார்கள்.

புதுக் கூரையும் புதுச் சுவரும் தங்கள் குணத்தை மழையில்தான் காட்டும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழைதான் வழக்கமாகக் கனமானது. மாடிக் குளியலறைக்குக் கீழே சீலிங்கில் மஞ்சள் கறை பூக்கிறதா, பின் சுவரில் ஈரம் ஏறுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அதற்குள் பிளாஸ்டர் சீலிங் போட்டிருந்தால் ஒழுக்கு அதற்கு மேலேயே ஒளிந்துகொள்ளும். கேபினட் அடித்திருந்தால் ஈரச் சுவர் அதன் முதுகுக்குப் பின்னால். நீங்கள் உடைத்துக் கட்டிய இடத்தில் பழுது வந்தால், "நாங்கள் கட்டியது அப்படியில்லையே" என்று வீட்டைக் கட்டி விற்ற டெவலப்பர் கைகழுவவும் வழி கிடைத்துவிடும்.

என் மாமியார் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவர் துளைக்கக் கூடாது என்றார். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியும் அதையே சொன்னார். நான் வாதாடவில்லை. ஓடு வெட்டும் தூசி மாசமாக இருப்பவர் மூச்சுக்கும் பச்சைப்பிள்ளை மூச்சுக்கும் ஆகாது என்பது எனக்குப் போதுமான காரணம். கிரகப்பிரவேசமும் பிரசவத்துக்கு முன்னால் வேண்டாம் என்றார்கள்; பால் மட்டும் காய்ச்சிவிட்டுக் குடிபோனோம். கணபதி ஓமத்தைப் பிள்ளைக்குப் பெயர் வைத்த நாளோடு சேர்த்துக்கொண்டோம். ஐயருக்கு ஒரே நடை, சாப்பாட்டுக்கு ஒரே செலவு.

சாவியோடு வரும் 24 மாதம்

டெவலப்பரிடம் நேராக வாங்கிய வீடென்றால், 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் போடும் ஒப்பந்தப்படி, வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியவரும் கட்டுமானப் பழுதை அவர்கள் தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். கணக்கு ஒப்படைப்புத் தேதியிலிருந்து ஓடும். நீங்கள் நல்ல நாள் பார்த்துக் குடிபோன தேதியிலிருந்து இல்லை. 24 மாதம் தாண்டிய பழைய வீட்டை இன்னொருவரிடம் கைமாறி வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது. அப்படி வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு நல்ல மழை நாளில் போய் வீட்டைப் பாருங்கள்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்குப் படம் அனுப்பி, அவர் கட்டைவிரல் காட்டினால் அது புகார் ஆகாது. பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்குங்கள். எழுத்தில் கொடுத்த 30 நாளுக்குள் அவர்கள் சரிசெய்ய வேண்டும். செய்யவில்லையென்றால் வெளிக் கான்ட்ராக்டரிடம் விலை கேட்டு, அந்தத் தொகையை முன்கூட்டி டெவலப்பருக்கு எழுதித் தெரிவித்து, பிறகு நீங்களே செய்துகொள்ளலாம். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். வீட்டு விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் பிடித்து வைத்திருப்பார்கள். பாதி 8 மாதம் கழித்தும் மீதி 24 மாதம் கழித்தும்தான் டெவலப்பருக்குப் போகும். அந்தத் தேதிகளுக்கு முன் உங்கள் கடிதம் போயிருக்க வேண்டும், வழக்கறிஞருக்கும் ஒரு பிரதி. அதற்கும் மசியாவிட்டால் வீடு வாங்குவோருக்கான திரிபுனல் (தீர்ப்பாயம்) இருக்கிறது: 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 10 வெள்ளி, 24 மாதம் முடிந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். 50 சென் காசால் தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். உள்ளே காலியாக இருந்தால் சத்தம் மாறும், காதுக்கே தெரியும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிப் படம் எடுங்கள். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நில்லுங்கள். தண்ணீர் ஓட்டையைத் தேடி ஓடணும். மூலையில் குளம் கட்டினால் பட்டியலில் எழுதுங்கள். மாடிக் குளியலறைக்கு இன்னும் ஒரு படி அதிகம்: தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, கணுக்கால் நனையும் அளவு தண்ணீர் விட்டு, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் கீழே வந்து சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சன்னல், கதவு எல்லாவற்றையும் பூட்டித் திறங்கள். தண்ணீர் மீட்டர் இருக்கும் இடத்துக்குப் போய், எல்லாப் பைப்பையும் மூடியபின் முள் ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால் எங்கோ கசிகிறது.

முதல் முதல் வரும் தண்ணீரில் கட்டுமான மண் கலந்திருக்கும். குழாய் நுனியில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவி, நன்றாகத் திறந்துவிட்டு ஓடவிட்டபிறகே அந்தத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டுங்கள்.

முழங்கால் உயரத்தில் வீடு

பிள்ளை தவழ ஆரம்பிக்க இன்னும் மாதங்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்; தவழ ஆரம்பித்துவிட்டால் உங்களுக்குக் கை ஓயாது. தரையில் உட்காருங்கள். முடிந்தால் படுத்துவிடுங்கள். கண்ணுக்கு என்னென்ன எட்டுகிறது, கைக்கு என்னென்ன எட்டுகிறது என்று அங்கிருந்து பாருங்கள்.

பிளக் மூடி வாங்கக் கடை கடையாக அலைய வேண்டாம். நம்மூர் மூன்று முள் பிளக் துவாரங்களுக்கு உள்ளேயே தடுப்பு உண்டு. மேல் முள் நுழைந்தால்தான் கீழ்த் துவாரங்கள் திறக்கும். ஆபத்து எங்கே என்றால், பேனாவை மேல் துவாரத்தில் குத்தித் திறந்து இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் நம் வீட்டுப் பழக்கத்தில். அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஹால் நடுவே கிடக்கக் கூடாது. மெயின் சுவிட்சுப் பெட்டியில் ஆங்கிலத்தில் T என்று எழுதிய சின்ன பொத்தான் இருக்கும், மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்சைச் சோதிப்பதற்கு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள், மின்சாரம் டப்பென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். சுடுதண்ணி ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் தனிப் பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டும்; மாட்ட வருகிறவரிடம் நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.

கிரில் போடும்போது அழகுக்காகக் குறுக்குக் கம்பி கேட்காதீர்கள். குறுக்குக் கம்பி பிள்ளைக்கு ஏணி. நெடுக்காகவே போடச் சொல்லுங்கள், இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள். மாடிப்படிக் கைப்பிடிக்கும் இதே அளவு. அதே சமயம், மாடியில் ஒரு கிரிலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், சாவி எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும்.

குளியலறை வாளியில் இரவு தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கத்தை அம்மாக்கள் விட மாட்டார்கள், பைப்பில் நின்றுவிடுமோ என்று பயம். அப்படியானால் மூடி போட்டுக் கதவைச் சாத்துங்கள். விரல் நீளத் தண்ணீர் போதும், தலைகீழாக விழுந்த பிள்ளையால் எழுந்திருக்க முடியாது.

பாச்சை உருண்டை விஷயம் பலருக்குத் தெரியாது. புது அலமாரியில் நாலு உருண்டை போடுவது நம் வீடுகளில் சடங்கு மாதிரி. இங்கே ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளைக்கு ஜி6பிடி என்னும் நொதி ரத்தத்தில் குறைவா என்று சோதனை செய்வார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நாப்தலின் வாடை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம். சோதனை முடிவு தெரியும் முன்பே உருண்டைகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், பாட்டி கொண்டுவரும் பழைய துணி மூட்டையையும் சேர்த்துப் பாருங்கள்.

டிங்கி (டெங்கு) காய்ச்சல் பற்றி: புதுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பாதி வீடு காலியாக இருக்கும், பக்கத்திலேயே கட்டுமானமும் நடக்கும், அதனால் கொசு அதிகம். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை, ஞாயிறு தோசைக்கு முன், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜ் பின்பக்கத் தட்டு, கூரைத் தண்ணீர்க் காவாய், யாரும் புழங்காத குளியலறை ஓட்டை எல்லாவற்றையும் சுற்றிவாருங்கள்.

பிள்ளை பிறந்த வாரங்களில்

2023 ஜனவரி முதல் தனியார் துறை அப்பாக்களுக்கு 7 நாள் தொடர் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பாவது சொல்லியிருக்க வேண்டும். வருட விடுப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். 2, 3, 5ஆம் மாத ஊசிகளுக்குப் பிறகு பிள்ளை காய்ச்சலில் சிணுங்கும், அந்த ராத்திரிகளுக்கு அது வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு அரசாங்கக் கிளினிக் மிஸ்ஸிகள் (தாதியர்) வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். வீடு மாறியிருந்தால் அம்மாவின் கர்ப்பகாலப் பரிசோதனைகளை எழுதும் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக்கில் புது முகவரியைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய வீட்டைத்தான் தட்டுவார்கள். மிஸ்ஸி வருகையில் இன்னொரு லாபமும் உண்டு. சாம்பிராணிப் புகையை மூடிய அறையில் போடாதீங்கம்மா, மஞ்சள் காமாலைக்கு வெயில் மட்டும் போதாது என்று நீங்கள் சொன்னால், வீட்டுப் பெரியம்மாக்கள் "நேத்துப் பொறந்த பய எனக்குச் சொல்றான்" என்பார்கள். மிஸ்ஸி சொன்னால் தலையாட்டுவார்கள். கேள்வியை முன்கூட்டியே மிஸ்ஸியிடம் கொடுத்துவிடுங்கள். பூண்டுக் கஞ்சி, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். சமையலறை அந்த நாற்பது நாளும் அவர்களுடையது, பாத்திரம் கழுவுவது உங்களுடையது.

பிறப்பைத் தேசியப் பதிவிலாகாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். இங்கே நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: கோயிலில் தாலி கட்டி, கல்யாணத்தைப் பதிவிலாகாவில் பதியாமல் விட்டவர்கள். 1982 மார்ச் 1லிருந்து பதிவுதான் சட்டப்படி கல்யாணம். பதியாவிட்டால் பிறப்புப் பத்திரத்தில் தொடங்கும் சிக்கல் பிள்ளையின் குடியுரிமைவரை போகலாம். பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பணம்

மதிப்பீட்டு வரி வருடத்துக்கு இருமுறை, பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்டுக் கடைசியிலும். நில வரி மே 31க்குள். மின்சார, தண்ணீர்க் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற டிபாசிட் கேட்பார்கள், அதை எடுத்து வையுங்கள். முதல் வீட்டுக்கான ஒப்பந்தத்தை 2025 ஜனவரி 1க்கும் 2027 டிசம்பர் 31க்கும் இடையில் போட்டவர்களுக்கு வீட்டுக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு உண்டு: 5 லட்சம் வெள்ளிவரையிலான வீட்டுக்கு 7,000 வெள்ளி, அதற்கு மேல் 7.5 லட்சம்வரை 5,000. எனக்கு அந்தத் தேதி பொருந்தவில்லை. பதிவுபெற்ற பராமரிப்பு மையத்தில் பிள்ளையை விடுகிறீர்களென்றால் ரசீதுகளை வைத்திருங்கள், அதற்கும் கழிவு இருக்கிறது.

மழை கழிந்த பிறகு

சுவர் காய்ந்து, பழுதுப் பட்டியல் மூடப்பட்ட பிறகு கேபினட்காரரைக் கூப்பிடலாம். அதற்குள் எந்த மூலையில் பால் புட்டி காயவைக்கிறீர்கள், பிள்ளை எங்கே தூங்குகிறாள் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் பெரிய அறை மேற்குப் பார்த்தது, மாலை நாலு மணிக்கு அடுப்பு. அதனால் கிழக்கிலுள்ள சின்ன அறையே பிள்ளைக்கு ஆனது, முதலில் போட்ட திட்டப்படி பெரிய அறையில் அலமாரி அடித்திருந்தால் பணம் வீண். பின்பக்கம் கூரை நீட்டவோ சுவர் இடிக்கவோ நினைத்தால் நகராண்மைக் கழக அனுமதி முதலில். கான்ட்ராக்டருக்கு முன்பணம் குறைவாகக் கொடுத்து, வேலை நகர நகரப் பணம் கொடுங்கள். கடைசித் தவணையை எல்லாக் கதவும் ஒழுங்காக மூடுகிறதா, சின்க் குழாய் கசிகிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள். சமையலறைக் கீழ் அலமாரிகளுக்குப் பிள்ளைப் பூட்டு போட இடம் விடச் சொல்லி வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். அடித்து முடித்த பிறகு கேட்டால் தனிக் காசு.