ஊர்ப் பூங்காவுக்கு அரசு மானியம்: அமெரிக்காவில் முதன்முறை விண்ணப்பிப்போருக்கு

எங்கள் ஊரில் ஓடைக்கரையோரம் ஒரு காலி நிலம் கிடந்தது. பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் ஆட ஓர் இடம், பெரியவர்களுக்கு ஒரு நடைத்தடம் என்று நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் பேசத் தொடங்கியபோது, எல்லோர் வாயிலும் வந்த முதல் கேள்வி: "படிவம் எங்கே கிடைக்கும்?" அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. நீங்களாவது நேரான வரிசையில் போங்கள்.

படி 1: எந்தப் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊர்ப் பூங்காக்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதி. சுருக்கமாக எல்.டபிள்யூ.சி.எஃப். 1964இல் சட்டமாகி 1965இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பணம் பெரும்பாலும் கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் கூட்டரசுக்குச் செலுத்தும் தொகையிலிருந்து வருகிறது. 2018இல் காலாவதியாகி, 2019இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஆண்டுக்கு 90 கோடி டாலரை முழுமையாக ஒதுக்கியாக வேண்டும் என்று 2020ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. மாநிலங்களுக்கு உரிய பங்கைத் தேசியப் பூங்காச் சேவை கவனிக்கிறது.

நடைத்தடம் மட்டும்தான் வேண்டும் என்றால் 'பொழுதுபோக்குத் தடங்கள் திட்டம்' என்று தனியாக ஒன்று உண்டு. காட்டுத் தடங்களில் ஓடும் வண்டிகளின் எரிபொருள் வரியைக் கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டது அது. செலவில் பொதுவாக 80 விழுக்காடு வரை தரும். வனவிலங்குப் பாதுகாப்பு வேறு வாசல்: 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. வேட்டைக்காரர் கொடுக்கும் காசில் மான்களின் வாழிடம் காக்கப்படுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஊர்க் குழு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது.

படி 2: விண்ணப்பதாரர் நீங்கள் அல்ல

எல்.டபிள்யூ.சி.எஃப். மானியத்தைக் கேட்கும் தகுதி மாநிலத் துறைகள், நகராட்சி, கவுண்டி, பூங்கா வாரியம், கூட்டரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள் ஆகியவற்றுக்கே உண்டு. குடியிருப்போர் சங்கமோ கிரிக்கெட் சங்கமோ கேட்க முடியாது. ஆகவே நகரப் பூங்காத் துறையின் இயக்குநரைச் சந்தியுங்கள். நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேசுங்கள். மூன்று நிமிடம்தான் தருவார்கள், எழுதி எடுத்துப் போங்கள்.

படி 3: நிலம்

இங்கேதான் நிதானம் வேண்டும். இந்த மானியம் தொட்ட நிலம் என்றென்றைக்கும் பொதுமக்களின் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கே உரியது; சட்டத்தின் 6(எஃப்)(3) பிரிவு அப்படிச் சொல்கிறது. பின்னாளில் அதில் வேறு ஏதாவது கட்ட வேண்டுமானால் உள்துறைச் செயலரின் அனுமதி வேண்டும், (இங்கே உள்துறை என்றால் காவல்துறை அல்ல, கூட்டரசு நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் பார்க்கும் துறை) அதே சந்தை மதிப்பும் பயனும் உள்ள மாற்று நிலமும் தர வேண்டும். பத்திரத்தில் பெயர் யாருடையது, குத்தகையா சொந்தமா, நடுவே மின்வாரியத்துக்கோ குழாய்க்கோ வழியுரிமை இருக்கிறதா என்பதையெல்லாம் முதலிலேயே பாருங்கள். எங்கள் ஓடைக்கரையில் பழைய கழிவுநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போவது வரைபடம் எடுத்த பிறகே தெரிந்தது. எல்லைக்கோட்டை மீண்டும் வரைந்தோம்.

இன்னொன்று. மைதானம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ஒரு சங்கம் தன் உறுப்பினருக்கு மட்டும் என்று பூட்டிவைக்க முடியாது. வெளியூர்க்காரரிடம் கூடுதல் கட்டணம் வாங்கலாம், ஆனால் உள்ளூர்க் கட்டணத்தைப் போல இரு மடங்கைத் தாண்டக் கூடாது.

படி 4: பாதிப் பணம் உங்கள் ஊருடையது

மானியம் அதிகபட்சம் பாதிச் செலவுக்குத்தான். அதுவும் முன்பணமாக வராது. 4 லட்சம் டாலர் திட்டம் என்றால் 2 லட்சத்துக்கு ஊர் வழி காட்ட வேண்டும். வேலை நடக்க நடக்க ஊரே செலவழித்து, ரசீதுகளை அனுப்பி, பாதியைத் திரும்பப் பெற வேண்டும். ஊர்ப் பங்கு முழுவதும் ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை. நன்கொடையாக வந்த நிலம், பொருள், தன்னார்வலர் உழைப்பு ஆகியவற்றையும் விதிகளுக்கு உட்பட்டுக் கணக்கில் சேர்க்கலாம். அதற்கு மணிக்கணக்குப் பதிவேடு வேண்டும். சனிக்கிழமை மரம் நட வந்தவர்களிடம் கையெழுத்து வாங்காமல் பிரியாணி போட்டு அனுப்பிவிட்டால், அந்த உழைப்பு கணக்கில் வராது.

படி 5: மாநிலத்தின் மனதைப் படியுங்கள்

ஒவ்வொரு மாநிலமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறந்தவெளிப் பொழுதுபோக்குத் திட்டம் ஒன்றை வெளியிடுகிறது. துறையில் 'ஸ்கார்ப்' என்பார்கள். வரும் விண்ணப்பங்களுக்கு மாநிலம் மதிப்பெண் போடும் முறை அதிலிருந்தே பிறக்கிறது. நடந்து போகும் தூரத்தில் பூங்கா இல்லாத பகுதிகளுக்கு அது முன்னுரிமை தந்தால், விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே உங்கள் பகுதியின் நிலையைச் சொல்லுங்கள். பூக்களின் அழகைப் பின்னால் வருணிக்கலாம்.

படி 6: இப்போது படிவம்

கூட்டரசுப் பணம் பெறுவோர் பதிந்துகொள்ளும் 'சாம்' (SAM.gov) என்ற அரசுத் தளத்தில் நகராட்சிக்குப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அது இலவசம், கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் குப்பையில் போடுங்கள். செலவு மதிப்பீடு, எல்லை வரைபடம், மன்றத் தீர்மானம், சுற்றுச்சூழல் ஆய்வு, பழம்பொருள், வரலாற்றுச் சின்னங்கள் பற்றிய ஆய்வு ஆகியவை சேர வேண்டும். புதிதாக இழுக்கும் மின்கம்பிகள் பொதுவாக மண்ணுக்கடியில் போக வேண்டும் என்பதால் மதிப்பீட்டில் அதற்கும் தொகை வையுங்கள்.

படி 7: ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள்

ஆர்வம் தாங்காமல் ஊஞ்சலுக்கு அடித்தளம் தோண்டிவிட்டார்கள் எங்கள் ஆட்கள். ஒப்பந்தத்துக்கு முந்தைய கட்டுமானச் செலவு என்று அந்தத் தொகையை ஏற்க மறுத்துவிட்டார்கள். வடிவமைப்புச் செலவு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மாநிலத் துறையினர் பார்வையிட வருவார்கள். கையெழுத்தான எல்லை வரைபடத்தின் நகல் ஒன்றை நகர எழுத்தர் அலுவலகக் கோப்பில் சேர்த்துவையுங்கள். இருபது ஆண்டு கழித்து வரும் ஒரு மேயருக்கு அந்த மூலையில் தீயணைப்பு நிலையம் கட்டத் தோன்றினால், முதலில் தேடப்போவது அதைத்தான்.